கல் போனாலும் புள்ளி போகாது

கேள்வி இது: "என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். புள்ளிக்கு நீளம், அகலம் எதுவும் கிடையாது என்று பாடத்தில் வருகிறது. ஒன்றுமே இல்லாத புள்ளிகள் சேர்ந்து கோடு எப்படி உண்டாகும், இரண்டு கோடுகள் ஏன் ஒரே இடத்தில் மட்டும் வெட்ட வேண்டும், இணை கோடுகள் உண்மையிலேயே எங்கும் சேராதா என்று என்னைத் துளைத்து எடுக்கிறாள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். பென்னாகரம் பக்கத்தில் கொல்லையும் கொஞ்சம் மாந்தோப்பும் வைத்திருக்கிறோம். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி யாராவது சொல்ல முடியுமா?"

அம்மா, நான் கணக்கு ஆசிரியர் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புள்ளியும் கோடும் எனக்குச் சோறு போட்டவை. பாடப்புத்தக வரிசையில் சொல்ல எனக்கு வராது. கொல்லையில் இறங்கித்தான் சொல்ல வரும்.

காரிமங்கலத்துக்கு அருகே ஓர் ஊரில் பங்காளிகள் இரண்டு பேருக்குள் வரப்புத் தகராறு. மூலையில் இருந்த சர்வே கல்லைக் காணவில்லை. பொக்லைன் வைத்து மேட்டைச் சமப்படுத்தியபோது அது எங்கேயோ அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் என் கையைப் பிடித்து ஒரு புளியமரத்தடிக்கு அழைத்துப் போனார். "சர்வேயர் சார், கல் இங்கேதான் இருந்தது. சின்ன வயதில் அதன் மேல் உட்கார்ந்து மாடு மேய்த்திருக்கிறேன்" என்றார். அவருடைய தம்பி மகன் நான்கு எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டு, "இல்லை பெரியப்பா, இங்கே இருந்தது" என்றான்.

இருவருக்கும் பதில் சொல்லாமல், நிலத்தின் அளவுகளைக் குறித்து வைத்த சர்வே படமான புலப்படத்தைப் பிரித்தேன். உங்கள் நிலத்துக்கும் அப்படி ஒரு படம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எல்லையில் கல்லுக்குக் கல் போகும் கோட்டை எஃப் லைன் என்போம். நிலத்தின் குறுக்கே ஒரு கல்லிலிருந்து எதிர்க் கல்லுக்குப் போகும் கோடு ஜி லைன். அந்த ஜி லைனில் நடந்துகொண்டே, எல்லை வளையும் ஒவ்வோர் இடத்துக்கும் நேராகப் பக்கவாட்டில் செங்குத்தாக எடுத்த அளவு ஆஃப்செட். காணாமல் போன கல்லுக்குப் படத்தில் இருந்த தகவல் இவ்வளவுதான்: ஜி லைனில் 61.4 மீட்டர், வலப்புறம் 18.2 மீட்டர்.

பிழைத்திருந்த இரண்டு கற்களுக்கு இடையே டேப்பை இழுத்துப் பிடித்தோம். 61.4இல் ஒரு கம்பை நட்டோம். அங்கிருந்து செங்குத்தாகத் திரும்ப என்னிடம் கிராஸ் ஸ்டாஃப் என்ற செங்கோணம் காட்டும் கருவி இருந்தது. அது இல்லாவிட்டாலும் ஒரு கயிறு போதும்: 12 முழக் கயிற்றில் 3, 4, 5 முழமாக முடிச்சுப் போட்டு, மூன்று மூலையாக இழுத்துப் பிடித்தால், 3 முழமும் 4 முழமும் சேரும் மூலை செங்கோணம். 18.2இல் ஒரு குச்சி வைத்தோம். சரிபார்க்க அடுத்த கல்லிலிருந்து எஃப் லைன் தூரத்தையும் இழுத்தோம். குச்சிக்கு நான்கு விரல் தள்ளி விழுந்தது. கடப்பாரையைப் போடச் சொன்னேன். முழங்கை ஆழத்தில் 'ணங்' என்றது. உடைந்த கருங்கல்லின் அடிப்பாகம், மண்ணுக்குள் அசையாமல் இருந்தது. பெரியவர் காட்டிய இடத்திலிருந்து ஐந்து எட்டு, பையன் நின்ற இடத்திலிருந்து மூன்று எட்டு. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான்.

இப்போது உங்கள் மகளிடம் கேளுங்கள்: கல் இல்லாதபோது அந்தப் புள்ளி எங்கே இருந்தது? அங்கேயேதான் இருந்தது. இரண்டு கோடுகள் அதைப் பிடித்து வைத்திருந்தன. கல் என்பது புள்ளிக்கு நாம் வைத்த அடையாளம், அவ்வளவுதான். கல்லுக்குச் சாண் அகலம் உண்டு. அந்தச் சாணில் எது மூலை? கல்லின் தலையில் உளியால் ஒரு கூட்டல் குறி வெட்டினால், குறியின் நடுதான் மூலை என்று சொல்லலாம். உளிக்கோட்டுக்கும் தடிமன் உண்டே என்றால், இன்னும் மெல்லிய குறி வெட்ட வேண்டும். அதற்கும் ஒரு தடிமன் இருக்கும். இப்படிச் சுருக்கிக்கொண்டே போனால் ஓரிடத்திலும் நிற்க முடியாது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு அலெக்சாந்திரியாவில் இருந்த யூக்ளிட் இந்த வம்பே வேண்டாம் என்று, பகுதி எதுவும் இல்லாதது புள்ளி என்று சொல்லிவிட்டார். புள்ளி என்பது பொருள் அன்று, இடம். இடத்துக்கு அகலம் கேட்கக் கூடாது. விலாசத்துக்கு எடை கேட்பது போல ஆகிவிடும்.

யூக்ளிட் சொன்னதிலும் ஒரு குறை உண்டு. 'பகுதி' என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் அடுத்த சொல்லுக்கு ஓட வேண்டும். 1899இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹில்பர்ட் வடிவியலின் அடிப்படைகளைப் புதிதாக எழுதியபோது, புள்ளி என்றால் என்ன, கோடு என்றால் என்ன என்று விளக்கவே இல்லை. அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் விதியாக வைத்தார். ஊரில் பெண்ணுக்கு முறை சொல்லும்போது 'இன்னாருக்கு மகள், இன்னாருக்கு மருமகள்' என்று சொல்லி முடித்துவிடுவதில்லையா, அந்த மாதிரி.

அடுத்தது, ஒன்றுமில்லாத புள்ளிகள் சேர்ந்து கோடாவது. கேள்வியில் உள்ள 'சேர்ந்து' என்ற சொல்தான் வழுக்கிவிடுகிறது. பாசிமணி கோப்பது போல, புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளியை வைத்துக் கோடு கட்டுவதாகக் குழந்தை நினைக்கிறாள். புள்ளிக்குப் 'பக்கத்துப் புள்ளி' என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. அதற்கும் முதலாவதற்கும் நடுவில் இன்னொன்று. முடிவே இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வரும் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்கள் நிற்கின்றன. கற்களை நட்டதால் சாலை உண்டாகவில்லை. சாலை இருப்பதால் அதில் எந்த இடத்தையும் சுட்டிக்காட்ட முடிகிறது. கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுதான்.

கோடு, கதிர், கோட்டுத்துண்டு என்று மூன்றாகப் பிரித்து மதிப்பெண் கேட்பார்கள். இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போனால் கோடு, ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தால் கதிர், இரண்டு முனையும் இருந்தால் கோட்டுத்துண்டு. வரப்புகள் எல்லாம் கோட்டுத்துண்டுகளே. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

இடையில் ஒரு வேடிக்கை. தமிழில் 'கோடு' என்றால் வளைதல் என்றும் ஒரு பொருள். நேராக நிற்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். ஒரு பக்கம் சாயாமல் இருப்பதைக் கோடாமை என்றுதான் பழைய புலவர்கள் சொன்னார்கள். மலைமுடிக்கும் மரக்கிளைக்கும் யானைக் கொம்புக்கும்கூடக் கோடு என்று பெயர் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே பாலக்கோடு இருக்கிறது. ஆகவே பாடத்தில் 'நேர்கோடு' என்று போட்டிருந்தால் அந்த 'நேர்' சும்மா ஒட்டிக்கொண்ட சொல் அன்று. அது தன் வேலையைச் செய்கிறது.

இனி வெட்டுவது. இரண்டு நேர்கோடுகள் ஏன் ஒரே புள்ளியில்தான் வெட்ட வேண்டும்? இதை அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வாதாடியே ஜெயிக்கலாம். இரண்டு கற்களுக்கு இடையே கயிற்றை இழுத்துக் கட்டினால், அது போவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. யார் கட்டினாலும் அதே வழி. இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போகும் என்பது இதுதான். இதை மகள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றால் பிடி உங்கள் கையில். இரண்டு வேறு வேறு கோடுகள் இரண்டு இடங்களில் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு இடங்களும் இரண்டு புள்ளிகள். அவற்றின் வழியாக முதல் கோடும் போகிறது, இரண்டாவது கோடும் போகிறது. ஆனால் ஒரே ஒரு கோடுதானே போக முடியும்? அப்படியானால் அவை இரண்டும் ஒரே கோடு. வேறு வேறு என்று சொன்னது பொய்யாகிவிட்டது. ஆக, வெட்டினால் ஒரே இடத்தில் வெட்டும், இல்லையென்றால் வெட்டாது. இரண்டு இடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வட்டங்களுக்கு இந்த விதி இல்லை. இரண்டு கற்களிலிருந்து டேப்பின் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வளைவாகக் கீறினால், கீறல்கள் இரண்டு இடங்களில் வெட்டும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எது நம் புள்ளி என்பதை நிலத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தூரத்தை மட்டும் நம்பி, தப்பான பக்கத்தில் கல் நட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மார்கழியில் வாசலில் கோலம் போடும்போது மகளுக்கு இன்னொன்றையும் காட்டுங்கள். நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளை நேராக இணைத்துப் போடும் கோலத்தில் கோடுகள் புள்ளியிலேயே சந்திக்கும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடவே தொடாது. சுற்றிக்கொண்டு போய், இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் கோட்டைக் கோடு வெட்டும். அந்த வெட்டும் இடத்தில் யாரும் மாவை எடுத்துத் தனியாகப் புள்ளி வைப்பதில்லை. ஆனால் அதுவும் புள்ளிதான். மாவால் வைத்த புள்ளி, வெட்டியதால் வந்த புள்ளி என்று இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும் என்பது காகிதத்தில் சரி. மண்ணில் எல்லா வெட்டும் ஒன்றுபோல் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு மூலைக்கல்லைத் தேட வேண்டியிருந்தது. அந்த மூலைக்கு வரும் இரண்டு வரப்புக் கோடுகளும் எனக்குக் கிடைத்துவிட்டன. இரண்டையும் கம்பு நட்டு, கண்ணால் பார்த்து நீட்டினேன். வெட்டிய இடத்தில் கல்லை நட்டுவிட்டு, பெரிய கெட்டிக்காரன் போல வீட்டுக்குப் போனேன். மறுநாள் என் மூத்தவர் வந்து, எதிர்ப்புறக் கல்லிலிருந்து குறுக்காக ஒரு கோடு இழுத்தார். என் கல் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றது. அவர் திட்டவில்லை. "இரண்டு பேரும் ஒரே திசையில் போகிறவர்கள். எங்கே சந்திப்பீர்கள் என்று அவர்களையே கேட்டால் சரியாகச் சொல்வார்களா? குறுக்கே வருகிறவனைக் கேட்க வேண்டும் தம்பி" என்றார்.

அவர் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கோடு பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துக் கம்பு நடுபவனுக்கு அந்தத் தவறு சாதாரணம். இரண்டு கோடுகளும் செங்குத்தாக வெட்டினால், வெட்டும் புள்ளியும் 15 சென்டிமீட்டர்தான் நகரும். 30 பாகைக் கோணத்தில் வெட்டினால் 30 சென்டிமீட்டர் நகரும். என் வரப்புகளைப் போல 6 பாகையில் வெட்டினால் 143 சென்டிமீட்டர். ஒரே ஒரு பாகைதான் என்றால் எட்டரை மீட்டருக்கும் மேல்! தவறு அதே 15 சென்டிமீட்டர்தான். கோணம் ஒடுங்க ஒடுங்க அந்தத் தவறு கோட்டின் வழியே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உயர் வகுப்புக்குப் போனால் இதைச் சைன் என்ற பெயரில் படிப்பாள்: நகர்ந்த தூரத்தைக் கோணத்தின் சைனால் வகுத்தால் போதும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு துடைப்பக்குச்சிகளைக் கூட்டல் குறி மாதிரி வைத்து, ஒன்றை ஒரு விரல் அகலம் நகர்த்துங்கள். பிறகு அவற்றைக் கத்தரிக்கோல் மூடப் போகும் நிலையில் வைத்து, அதே ஒரு விரல் நகர்த்துங்கள். வெட்டும் இடம் குச்சியின் கடைசிக்கே ஓடிவிடும்.

அந்த நாளுக்குப் பிறகு மூன்றாவது கோடு இல்லாமல் நான் எந்தக் கல்லையும் நட்டதில்லை. மூன்று கோடுகள் ஒரே புள்ளி வழியாகப் போக வேண்டும். ஆனால் மண்ணில் அவை ஒருநாளும் அப்படிப் போகாது. மூன்றும் ஒன்றையொன்று வெட்டி நடுவில் ஒரு குட்டி முக்கோணம் விழும். அது உள்ளங்கை அளவு இருந்தால் வேலை சுத்தம். முறத்தின் அளவு இருந்தால் எங்கேயோ ஓர் அளவு பொய் என்று அர்த்தம். இரண்டு கோடுகள் எப்போதும் ஒரு புள்ளியில் வெட்டிவிடும், ஆகவே அவை ஒன்றின் தவறை ஒன்று காட்டிக் கொடுக்காது. மூன்றாவது வந்தால்தான் குட்டு உடையும்.

வெட்டும் புள்ளிகளை வைத்தே இந்த நாட்டை அளந்தார்கள். 1802இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் பரங்கிமலை அருகே ஒரு நீளமான அடிக்கோட்டை மட்டும் சங்கிலியால் அளந்தார். அதற்குப் பிறகு பெரும்பாலும் கோணம்தான். அடிக்கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்து மலையுச்சியைப் பார்த்துக் கோணம் எடுத்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டும் இடம் மலையுச்சி. அங்கிருந்து அடுத்த முக்கோணம். நம் பகுதிக்கு அளவு அதற்கும் முன்பே வந்துவிட்டது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792இல் பாரமகால் என்று அப்போது பெயர் பெற்றிருந்த நம் பகுதி கம்பெனியாரின் கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்று வயல் வயலாக அளக்க ஏற்பாடு செய்தார். அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கி வேலை பார்த்தார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனார். பழைய புலப்படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். லிங்க்கை மீட்டர் என்று படித்துவிட்டு, 'என் நிலத்தைக் காணவில்லை' என்று வருகிறவர்கள் இன்றும் உண்டு.

இப்போது இணை கோடுகளுக்கு வருவோம். கோணம் ஒடுங்கினால் வெட்டும் புள்ளி ஓடுகிறது என்று பார்த்தோம் அல்லவா? ஓட விடுங்கள். பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகளைத் தொடங்குங்கள். ஒன்று மற்றதை நோக்கி ஒரு பாகை சாய்ந்தால் 573 மீட்டரில் சந்திக்கும். சாய்வைப் பத்தில் ஒன்றாக்கினால் 5.7 கிலோமீட்டர். நூறில் ஒன்றாக்கினால் 57 கிலோமீட்டர். தர்மபுரியில் தொடங்கிய கோடுகள் கிருஷ்ணகிரியையும் தாண்டிப் போய்த்தான் சந்திக்கும். சாய்வே இல்லையென்றால்? சந்திக்கும் புள்ளி இல்லவே இல்லை. இணை கோடு என்பது தனியாக முளைத்த ஓர் இனம் அன்று. ஓடிக்கொண்டிருந்த புள்ளி கடைசியில் கைநழுவிப் போன நிலை அது.

தர்மபுரி ரயில் நிலைய நடைமேடையின் கோடியில் மகளை நிறுத்தித் தண்டவாளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தண்டவாளங்களும் தூரத்தில் சேர்வது போலத் தெரியும். அகலப் பாதையில் அவற்றின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். தொலைவிலும் அதேதான், கண்ணுக்குத்தான் ஒடுங்குகிறது. ஓவியர்கள் இந்தக் கண்மயக்கை உள்ளபடியே வரையக் கற்றுக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு தெசார்க் அதையே கணக்காக்கினார்: இணை கோடுகளும் சந்திக்கின்றன, முடிவிலியில் இருக்கும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 'எந்த இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியில் வெட்டும்' என்ற விதிக்கு விலக்கே இருக்காது. இது ஏமாற்று வேலை அன்று. வேறு விதிகளோடு ஆடும் வேறு ஆட்டம். ஆறாம் வகுப்புத் தேர்வில் மட்டும் 'சந்திக்காது' என்றே எழுதச் சொல்லுங்கள்.

சந்திக்காதவை எல்லாம் இணை கோடுகள் என்றும் நினைத்துவிட வேண்டாம். உங்கள் கொல்லைக்கு மேலே குறுக்கே மின்கம்பி போகிறதா? கீழே வரப்பு ஒரு பக்கம் போகிறது, மேலே கம்பி இன்னொரு பக்கம் போகிறது. இரண்டும் வெட்டவில்லை, இணையாகவும் இல்லை. படத்தில் வரைந்தால் வெட்டுவது போல இருக்கும். ஒரே தளத்தில் இருந்தால்தான் 'ஒன்று வெட்டும், இல்லையேல் இணை' என்ற பேச்சு செல்லும்.

உருண்டையின் மேல் கதை இன்னொரு விதம். பூமத்திய ரேகையில் இருவர் தள்ளித் தள்ளி நின்று, இருவரும் நேர் வடக்கே நடந்தால், தொடக்கத்தில் இணையாகப் போகிறவர்கள் வடதுருவத்தில் முட்டிக்கொள்வார்கள். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஒரு இணை கோடுதான் போகும் என்பது யூக்ளிடின் இணை கோட்டு விதியின் சாரம். அதை மற்ற விதிகளிலிருந்து நிரூபித்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்று தோற்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போல்யாயும் அந்த விதி இல்லாமலே வேறொரு வடிவியலை அமைத்துக் காட்டினார்கள். நம் இரண்டு ஏக்கர் கொல்லைக்கு யூக்ளிட் போதும்.

வகுப்பில் இதைச் சமன்பாடாகவும் ஒருநாள் பார்ப்பாள். அங்கே சாய்வு என்பது ஓர் அடி பக்கவாட்டில் போனால் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பது. ஒரு கோட்டின் சாய்வு 1, இன்னொன்றின் சாய்வு 1.01. இரண்டாவது ஓர் அலகு கீழே தொடங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் 0.01 நெருங்குகிறது, ஆக 100ஆவது அடியில் சந்திக்கும். சாய்வு 1.011 என்று மூன்றாம் தசமத்தில் மாறினாலே 91ஆவது அடிக்குள் சந்தித்துவிடும். ராயக்கோட்டையில் என் கல் தள்ளிப் போனது இதே கணக்குதான். 1637இல் பிரெஞ்சு அறிஞர் தெகார்த் புள்ளிக்கு இரண்டு எண்களைப் பெயராக வைத்ததிலிருந்து கயிறு இழுக்காமலே இதைப் போட முடிகிறது. ஜி லைனில் இவ்வளவு, ஆஃப்செட் இவ்வளவு என்று நாங்கள் எழுதுவதும் அதே இரண்டு எண்கள்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாந்தோப்பு வைத்திருக்கிறேன் என்று எழுதியதால் கை சும்மா இருக்கவில்லை.

வெட்டும் புள்ளிகளை எண்ணும் கணக்கு பாடத்தில் வரும். எந்த இரண்டும் இணையாக இல்லாமல், எந்த மூன்றும் ஒரே புள்ளியில் சேராமல் கோடுகள் போட்டால், 2 கோட்டுக்கு 1 புள்ளி, 3 கோட்டுக்கு 3, 4 கோட்டுக்கு 6, 10 கோட்டுக்கு 45. புதிதாக வரும் ஒவ்வொரு கோடும் பழைய கோடுகள் எல்லாவற்றையும் ஒருமுறை வெட்டும், அதனால் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போனால் சரி. புள்ளிகளை இணைக்கும் கோடுகளுக்கும் இதே எண்தான்: 9 புள்ளிகளில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் இல்லையென்றால் 36 கோடுகள்.

ஆனால் தோப்பில் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்றுக்கு மூன்றாக 9 மரங்களை எடுத்து, எந்த இரண்டு மரத்தின் வழியாகவும் கயிறு கட்டுங்கள். 36 வராது, 20தான் வரும். மூன்று மரங்களைத் தொடும் கயிறு 8: மூன்று நெடுக்கு, மூன்று குறுக்கு, இரண்டு மூலைவிட்டம். இரண்டு மரங்களை மட்டும் தொடுவது 12. வரைந்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், முதல் முறையில் யாருக்கும் சரியாக வருவதில்லை.

இங்கே ஒரு கேள்வி. எந்த இரண்டு மரத்தின் வழியாகக் கயிறு போனாலும் அதில் மூன்றாவதாக ஒரு மரமும் இருக்கும்படி ஒரு தோப்பு நட முடியுமா? ஒரே வரிசையில் எல்லா மரத்தையும் நட்டுவிட்டால் முடியும், அப்படி அல்லாமல்? 1893இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் சில்வெஸ்டர் இதைக் கேட்டார். முடியாது என்று நிரூபிக்க 1940கள் வரை ஆயிற்று. பின்னால் கெல்லி என்பவர் கண்டுபிடித்த நிரூபணம் எங்கள் ஆஃப்செட் வேலைதான். முடியும் என்று வைத்துக்கொண்டு, கயிறுகளுக்கும் அவற்றில் சேராத மரங்களுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரங்களை எல்லாம் எடுத்து, மிகக் குறைந்ததைப் பொறுக்குங்கள். அந்தக் கயிற்றில் மூன்று மரங்கள் உண்டு. ஆகவே செங்குத்து விழும் அடிக்கு ஒரே பக்கத்தில் இரண்டு மரங்களாவது நிற்கும். ஒன்று அடியிலேயே நின்றாலும் குற்றமில்லை. அவற்றில் தூரத்து மரத்திலிருந்து வெளியே நிற்கும் மரத்துக்குப் புதிதாக ஒரு கயிறு இழுங்கள். கிட்டத்து மரத்துக்கும் இந்தப் புதுக் கயிற்றுக்கும் உள்ள தூரம், மிகக் குறைந்தது என்று நாம் பொறுக்கியதைவிடக் குறைவாக இருக்கும். கதை முடிந்தது. இதை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தால் நான் எழுதியதைவிடச் சீக்கிரம் புரியும்.

மகளுக்கு ஒரு வேலை. 9 மரங்களை, வரிசைக்கு 3 வீதம், 10 வரிசை வரும்படி நட வேண்டும். பார்த்தோமே, சதுரமாக நட்டால் 8 வரிசைதான். முதலில் முயலட்டும், முடியவில்லை என்றால் மட்டும் இதைச் சொல்லுங்கள். மேலே மூன்று குச்சி, அவற்றுக்கு நேர் எதிரே கீழே மூன்று குச்சி, எல்லாம் சம இடைவெளி. மேல் வரிசையின் இடது குச்சியிலிருந்து கீழ் வரிசையின் நடுக் குச்சிக்கும், மேல் நடுவிலிருந்து கீழ் இடதுக்கும் நூல் கட்டினால் ஓரிடத்தில் வெட்டும். வலப்பக்கமும் அதே போல. பிறகு மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கும், மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கும். வெட்டிய இடங்கள் மூன்றிலும் மூன்று குச்சிகளை ஊன்றுங்கள். இப்போது எண்ணினால் பத்து வரும். நடுவில் நெடுக்காகப் போகும் வரிசையை விட்டுவிட வேண்டாம்.

தோப்பில் உண்மையாகவே நட்டுவிடப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. பக்கவாட்டில் 10 மீட்டர் விட்டு நட்டாலும், நடு வரிசை மரங்களுக்கு 5 மீட்டர்தான் கிடைக்கும். பெங்களூரா மாவுக்கு அது நெருக்கம், கிளை கிளையோடு முட்டும். சீத்தா நடுங்கள், சரியாக இருக்கும்.